வெற்று அங்கிகள் நடந்த ஊர்

சம்புமுனையில் பெண்களின் அங்கிகள் பெண்கள் இல்லாமலே நடக்கத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மீன்சந்தை பாதி கலைந்து, ஐஸ் உருகிய தண்ணீர் தெருவோரமாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். அதற்கு மூன்று நாள் முந்தித்தான் அரசாங்கம் அவற்றைப் பெண்களிடம் வாங்கி நகரசபையின் பழைய நெல் களஞ்சியத்தில் குவித்துப் பூட்டியிருந்தது. பூட்டு அப்படியே தொங்கியது, முத்திரை வைத்த மெழுகும் உடையவில்லை, ஆனால் துணிக்குக் கதவு எதற்கு, கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி போதும். நானூற்றுப் பன்னிரண்டு கறுப்பு ஹபாயாக்களும் அவற்றோடு சேர்ந்த முகத்திரைகளும் அந்த இடைவெளியால் தண்ணீர்போல் வழிந்து வந்து, வெயிலில் நிமிர்ந்து நின்று, மடிப்புகளை உதறிக்கொண்டு, ஒவ்வொன்றும் தான் வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போனது.

அரசாங்கம் அந்த இயக்கத்துக்கு 'ஒளிமுகம்' என்று பெயர் வைத்திருந்தது. வாவியின் பாலத்தைத் தாண்டி மஞ்சள் பஸ் ஒன்றில் அது ஊருக்குள் வந்தது, ஒலிபெருக்கியோடும் புகைப்படக் கருவியோடும் மஞ்சள் சேலைகள் அடைத்த பெட்டிகளோடும் வந்தது. அதன் பொறுப்பாளராகச் சாருலதா என்றொரு அதிகாரி தலைநகரிலிருந்து வந்தாள். கெட்ட மனுசி இல்லை. சம்புமுனைப் பெண்களுக்குத் தான் வெளிச்சம் கொண்டுவந்திருக்கிறேன் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். மாதம் முதலாம் திகதியிலிருந்து முகம் மறைக்கும் எந்த ஆளும் கைது செய்யப்படுவார், பெண்கள் ஒவ்வொரு செவ்வாயும் நகரசபை மண்டபத்துக்கு மஞ்சள் சேலையில் வந்து வகுப்பில் உட்கார வேண்டும், பெயர் கூப்பிடும்போது முகத்தைக் காட்ட வேண்டும் என்று அறிவித்தாள்.

களஞ்சியத்து வாசலில் மேசை போட்டு அங்கிகளை வாங்கிய திங்கட்கிழமை, வரிசையில் மஸாஹிறா நின்றாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் சொல்லிக்கொடுக்கும் மஸாஹிறா டீச்சர், முப்பத்தெட்டு வயது, படகு எஞ்சின் திருத்தும் ஜாபிரின் மனைவி, எட்டு வயது நுஸ்லாவின் தாய்.

"எத்தனை வருடமாக இதை அணிகிறீர்கள்?" என்று சாருலதா கேட்டாள்.

"பத்தொன்பது வருசம்."

"அணியச் சொன்னது யார்? கணவரா, தந்தையா, பள்ளிவாசலா?"

"ஒருத்தரும் சொல்லல்ல மேடம். எங்கட வாப்பா வேணாமெண்டுதான் நிண்டார். நானாத்தான் போட்டன்."

சாருலதா படிவத்தைப் பார்த்தாள். அதில் கணவர், தந்தை, பள்ளிவாசல், ஏனையோர் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. கொஞ்ச நேரம் பேனையை உருட்டிவிட்டு, ஏனையோர் என்பதில் சரி போட்டாள்.

மஸாஹிறாவுக்குப் பின்னால் நின்ற ஜெஸீமாவின் கதை வேறு. மாமியாரின் வாய்க்குப் பயந்து முகம் மூடியவள் அவள். அங்கியைக் கொடுத்துவிட்டுப் பாலத்தில் நின்று, வாவிக் காற்று தாடையில் படுவதை அனுபவித்துச் சிரித்தாளாம். அன்று பின்னேரமே அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் வந்து, ஊர் சிரிக்குது, இனி வாசல்படி தாண்டினால் காலை முறிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, அழுதுகொண்டு கொடுத்தவளும் சிரித்துக்கொண்டு கொடுத்தவளும் அன்று இரவு ஒரேமாதிரி நாலு சுவருக்குள்தான் இருந்தார்கள். திறந்த முகத்தோடு வெளியே போக மாட்டேன் என்று சிலர் இருந்தார்கள், போகக்கூடாது என்று சிலர் இருத்தப்பட்டார்கள், இரண்டு பக்கத்திலும் யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் வியாழக்கிழமை வந்தது, அங்கிகளும் வந்தன.

முதலில் கண்டது மீன்காரர் அசனார். அவருடைய பலகைக்கு முன்னால் ஒரு கறுப்பு அங்கி வந்து நின்று, வெறும் கைத்துணியை நீட்டி ஒரு ஒட்டி மீனைக் காட்டியது. கையிருக்க வேண்டிய இடத்தில் கை இல்லை, கண் இருக்க வேண்டிய பிளவில் பின்னாலிருந்த தென்னைமரம் தெரிந்தது. அசனார் ஒரு கணம் கத்தியை நிறுத்தினார், பிறகு மீனை அறுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். பக்கத்துக் கடைக்காரன் கேட்டதற்கு, "நான் முப்பது வருசமாத் துணிக்கிட்டத்தானே மனே மீன் குடுத்தன். இப்பயும் துணிக்கிட்டத்தான் குடுக்கன். எனக்கென்ன வித்தியாசம்?" என்றார்.

அந்தப் பேச்சு ஊருக்குப் போதுமாயிருந்தது. ஆஸ்பத்திரிக் கிளினிக் வரிசையில் அங்கிகள் துண்டெடுத்து உட்கார்ந்தன, தாதிமார் மருந்தைக் கைத்துணிக்குள் வைத்து அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அங்கிகள் மதிலோரம் நிழலில் நின்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயின. பள்ளிவாசல் நிருவாகசபை கூடி, உள்ளே ஆள் இல்லாத அங்கி தெருவில் எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்வதா விடுவதா என்று அஸர் தொழுகைவரை பேசி, சொல்வதால் பாவமில்லை என்று முடிவெடுத்தது. சார்ஜன்ட் தர்மகுலம் மூன்று அங்கிகளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். ஏற்றியதும் அவை பொத்தென்று துவண்டு வெறும் துணியாய்க் கிடந்தன, பொலிஸில் ஆணியில் கொழுவிவைத்தால் விடிந்ததும் ஆணி மட்டும் இருந்தது. என்ன செய்வதென்று தலைநகருக்கு எழுதிக் கேட்டார்கள். பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது: சட்டம் ஆளைப் பற்றிப் பேசுகிறது, துணி ஆள் அல்ல, ஆகவே வெற்று அங்கி நடமாடுவது குற்றமாகாது, அங்கிக்குள் பெண் இருப்பதே குற்றமாகும்.

எல்லாருக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது. புருசன்மாருக்கு வெளிவேலை நடந்தது, பெண்டுகள் வீட்டோடு இருந்தார்கள். பொலிஸாருக்கு வழக்கில்லை. சாருலதாவின் செவ்வாய் வகுப்புக்கு ஒரு பெண்ணும் வராமல் கதிரைகள் காற்று வாங்கிய இரண்டு வாரத்துக்குப் பிறகு, மூன்றாவது செவ்வாய் நானூற்றுப் பன்னிரண்டு அங்கிகளும் மண்டபத்துக்கு வந்து வரிசையாக உட்கார்ந்தன. அவள் நெடுநேரம் வாசலில் நின்று பார்த்தாள். தலைநகரம் வரவுப் பதிவைக் கேட்டுத் தொலைபேசியில் நச்சரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் மேசையில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக வாசித்து, ஒவ்வொரு அங்கியும் குனிந்து நிமிர, வருகை, வருகை, வருகை என்று எழுதினாள்.

பொழுது சாயும்போது அங்கிகள் தத்தம் வீட்டுக்குத் திரும்பிவந்து, கதவுக்குப் பின்னால் தாமாகவே ஆணியில் தொங்கின. முதல்நாள் மஸாஹிறா பயந்து பயந்து தன்னுடைய அங்கியின் கழுத்தோரம் கைவைத்துப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல் அது சூடாக இருந்தது. அதன் கைத்துணியில் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியின் தூள் ஒட்டியிருந்தது. ரியூசன் பிள்ளைகளில் ஒருத்தி வாசலால் போகும்போது, "டீச்சர்ட அங்கி இண்டைக்கு வர்க்கமூலம் படிப்பிச்ச, உங்கட கையெழுத்தே தான் டீச்சர். ஏசவும் இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னாள். மஸாஹிறாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அன்று இரவு முழுக்க அவளுடைய தொண்டையில் மீன்முள்போல் கிடந்தது.

அதன்பிறகு நடந்தது மெல்ல மெல்லத்தான் நடந்தது, மெல்ல நடந்ததால் யாருக்கும் அது நடப்பதாகத் தெரியவில்லை. பெண்கள் ஜன்னலால் கூப்பிட்டால் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பது குறைந்தது. முதலில் இரண்டாம் தரம் கூப்பிட்டால் திரும்பினார்கள், பிறகு மூன்றாம் தரத்துக்கு, பிறகு இல்லை. அயல்வீட்டுப் பெண்கள் வந்து ஊர்க்கதை பேசுவதும் நின்றது, ஏனென்றால் அவர்களும் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். ஜாபிர் வேலையால் வந்ததும் கதவுக்குப் பின்னால் பார்த்து, "இண்டைக்குக் கிளாஸ் எப்பிடி? பாலத்தில வெயில் கடுமையோ?" என்று ஆணியில் தொங்கியதிடம் கேட்டுவிட்டு, குசினியில் நின்றவளிடம் ஒன்றும் கேட்காமல் சோற்றுக்கு உட்கார்ந்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. வெளியே போய்வந்தது அதுதானே. நுஸ்லாவும் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கியின் கைத்துணியைப் பிடித்துக்கொண்டு வரும்போது வழிநெடுக அன்றைய கதையெல்லாம் அதற்குச் சொல்லி முடித்துவிடுவாள்.

"என்ன மகள் நடந்த ஸ்கூல்ல?" என்று மஸாஹிறா கேட்பாள்.

"அதான் சொல்லிட்டனே உம்மா."

"எனக்கிட்டச் சொல்லல்லயே."

பிள்ளை யோசித்துப் பார்க்கும். "சொன்னனே. வழியில."

ஒரு புதன்கிழமை பகல், ஜாபிர் அக்கரைக்கு எஞ்சின் பார்க்கப் போயிருந்த நேரம், பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்த நுஸ்லாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. வழக்கமான இழுப்பு இல்லை. உதடு நீலம் பாய்ந்தது, விலாவெலும்புகள் குழிந்து குழிந்து எழும்பின. அங்கி ரியூசனுக்குப் போயிருந்தது. மஸாஹிறா தொலைபேசியை எடுத்தாள், மணி அடித்தது, ஜாபிர் எடுத்து ஹலோ ஹலோ என்றான், அவள் கத்தினாள், அவன் கோடு சரியில்லை என்று வைத்துவிட்டான். அவள் தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டு, வீட்டுச் சட்டையோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்தொன்பது வருசத்தில் முதல் தடவையாகத் திறந்த முகத்தோடு தெருவுக்கு ஓடினாள்.

முகம் கூசும் என்று நினைத்திருந்தாள். கூசவில்லை. கூசுவதற்கு யாராவது பார்க்க வேண்டுமே. சந்தியில் நின்ற ஓட்டோவில் றமீஸ் என்ற பொடியன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான், அவளிடம் கணக்குப் படித்த ஒருத்தியின் தம்பி. "தம்பி, ஆஸ்பத்திரிக்கு எடு, கெதியா" என்றாள். அவன் பக்கத்தைப் புரட்டினான். அவள் பிள்ளையை அவனுடைய மடிக்கு நேரே நீட்டினாள். அவன் திடுக்கிட்டு எழும்பி, நுஸ்லாவின் முகத்தைப் பார்த்து, "அல்லாஹ், என்ன புள்ள இது? உம்மா எங்க?" என்று பிள்ளையிடம் கேட்டான். உம்மாவின் மூச்சு அவனுடைய கையில் பட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ரியூசன் முடிந்து அவளுடைய அங்கி தெருமுனையால் வந்தது. மஸாஹிறா பிள்ளையை ஆசனத்தில் கிடத்திவிட்டுப் போய் அதை எட்டிப் பிடித்தாள். அது திமிறியது. தன் உடுப்போடு ஒருத்தி நடுத்தெருவில் மல்லுக்கட்டுவதை யாரும் பார்க்கவில்லை. அடிவிளிம்பால் தலையை நுழைத்து, கைகளை உள்ளே செலுத்தி, அந்தச் சூட்டைத் தன் சூட்டால் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நின்றதும், றமீஸ் சட்டென்று திரும்பி, "டீச்சரா? ஏறுங்க டீச்சர், ஏறுங்க, புள்ளைக்குச் சரியில்ல" என்றான்.

பாலத்துக் காவலரணில் சார்ஜன்ட் தர்மகுலம் வழக்கம்போல் பிரம்பை நீட்டினார். அங்கி வெறும் அங்கிதானா என்று பார்க்க ஒவ்வொன்றையும் ஒரு குத்துக் குத்துவது அவருடைய நடைமுறை, துணி உள்வாங்கினால் போகலாம். பிரம்பு மஸாஹிறாவின் விலாவில் முட்டி நின்றது.

"ஆள் இருக்கு" என்றார் அவர், தனக்கே நம்பிக்கை வராத குரலில்.

"ஓம், இரிக்கன்" என்றாள் அவள். "என்னப் புடிங்க. ஓட்டோவ விடுங்க. புள்ளைக்கு மூச்சில்ல."

தர்மகுலத்துக்கும் பிள்ளைகள் இருந்தன. ஒரு கான்ஸ்டபிளை ஓட்டோவில் ஏற்றி, வழியை விலக்கி அனுப்பினார். அவளை மட்டும் இறக்கி நிறுத்திக்கொண்டார். நுஸ்லா பிழைத்தாள், இரண்டு நாள் ஒட்சிசன் வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் மஸாஹிறா பொலிஸ் காவல் கூட்டில் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஜாபிர் வந்தான், கூடவே பள்ளிவாசல் அனுப்பிய சட்டத்தரணியும், ஆச்சரியமாகச் சாருலதாவும் வந்தாள். சட்டத்தரணி ஒரு தாளை நீட்டினார். அன்று பாலத்தில் பிடிபட்ட அங்கி வெற்று அங்கியே, அதனுள் எவரும் இருக்கவில்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வழக்கில்லை.

"என்னை வெச்சிக்கிட்டே நான் இருக்கல்ல எண்டு நான் எழுதிக் குடுக்கணுமா?" என்று மஸாஹிறா கேட்டாள்.

"ஒரு கடதாசிதானே புள்ள" என்றான் ஜாபிர். "வீட்ட வா. ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. பள்ளிவாசலுக்கும் கரைச்சலில்ல, பொலிஸுக்கும் கரைச்சலில்ல."

"எங்களுக்கும் நல்லது" என்று சாருலதா தாழ்ந்த குரலில் சொன்னாள். "மூன்று வாரமாக உங்கள் வருகை முழுமையாக இருக்கிறது. ஒரு கைது என்றால் அறிக்கையை மாற்ற வேண்டிவரும்."

மஸாஹிறா புருசனைப் பார்த்தாள். "பிள்ளைக்கு மூச்சு முட்டக்குள்ள போன்ல கத்தினது நான்தான். உங்களுக்குக் கேட்டதா?"

"கோடு சரியில்ல எண்டு நினைச்சன்."

"கோடு சரியாத்தான் இருந்திச்சு" என்றாள்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. அன்று பதினொரு மணிக்கு நீதிமன்றத்தில் நீதவான், அங்கி வெறுமையாக இருந்ததென்று உமது சட்டத்தரணி சொல்வதாக அறிகிறேன், அப்படித்தானா என்று கேட்டார். கேட்கும்போதே கோவையை மூடத் தொடங்கிவிட்டார்.

"இல்ல ஐயா" என்றாள் மஸாஹிறா. "அதுக்குள்ள இருந்தது நான். அதுக்கு முந்தியும் பத்தொன்பது வருசம் அதுக்குள்ள இருந்தது நான்தான். அது இல்லாமத் தெருவுக்கு ஓடினதும் நான்தான். என்ட பேர் மஸாஹிறா."

மூன்று மாதச் சிறை என்று எழுதினார்கள்.

அவள் பெயரைச் சொன்ன அந்த நேரத்தில், சம்புமுனையில் நடமாடிக்கொண்டிருந்த அங்கிகளெல்லாம் நின்ற இடத்திலேயே விழுந்தன. சந்தையில் விழுந்தன, பாலத்தில் விழுந்தன, கிளினிக் வாங்குப் பலகைகளிலிருந்து வழுகி நிலத்தில் குவிந்தன, பள்ளிக்கூட மதிலோரம் பிள்ளைகளின் கையில் வெறும் துணி மிஞ்சியது. காற்று அவற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. பிறகு ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று. பெண்கள் வந்தார்கள். வீட்டுச் சட்டையோடும், முக்காட்டோடும், ஒருத்தி ஈரக் கையோடும், ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடும் வந்து, தங்கள் தங்கள் உடுப்பைத் தேடி எடுத்தார்கள். சிலர் அந்த இடத்திலேயே, பொலிஸ்காரர் பார்த்திருக்க, போட்டுக்கொண்டார்கள். சிலர் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஜெஸீமா தன்னுடையதைத் தூக்கி உதறி, மடித்து, தெருவில் நின்ற காக்காவின் தோளில் போட்டுவிட்டுப் பாலத்துப் பக்கம் நடந்தாள். தர்மகுலத்தின் கூட்டில் நாலு பேருக்குத்தான் இடமிருந்தது.

பின்னேரமாகியும் ஒரு அங்கி மட்டும் அசனாரின் மீன்பலகைக்கு முன்னால் கிடந்தது. யாரும் எடுக்க வரவில்லை. அசனார் அதைப் பக்குவமாக மடித்தார், கைத்துணியில் ஒரு பச்சை நூல் தையலைக் கண்டு, "இது கடைசித் தெரு ஆசியத்தும்மாட" என்றார். புருசன் மவுத்தாகிப் பிள்ளைகுட்டி இல்லாமல் தனியே இருந்த மனுசி. பெண்கள் நாலைந்து பேர் போய்க் கதவைத் தட்டினார்கள், பிறகு உடைத்தார்கள்.

அவள் பாயில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். டொக்டர் வந்து, இருபத்தேழு நாளாவது ஆகியிருக்கும் என்றார். குசினியில் மீன்கள் அறுத்த துண்டங்களாக, பையோடு பையாக, சமைக்கப்படாமல் காய்ந்து கிடந்தன, இருபத்தேழு பை. கருவாடு காயும் ஊரில் அந்த மணத்தை யார் கவனிப்பது. அவளுடைய அங்கி தினமும் சந்தைக்கு வந்தது, கிளினிக்கில் அவளுடைய பிரசர் மாத்திரையை வாங்கியது, எதிர்ப்பட்டவர்கள் ஸலாம் சொன்னார்கள், சாருலதாவின் புத்தகத்தில் மூன்று செவ்வாயும் அவள் வருகை.

பெண்கள் மையித்தைக் குளிப்பாட்டும்போது சாருலதா அந்தப் புத்தகத்தோடு வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜெஸீமா வெற்று வாளியோடு வந்து, "தண்ணி பத்தல்ல. அள்ளித் தாறீங்களா?" என்றாள். சாருலதா புத்தகத்தை வேலியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். புத்தகத்தை அவள் திரும்ப எடுத்தாளா என்று யாருக்கும் தெரியாது. மஞ்சள் பஸ் அடுத்த கிழமை அவள் இல்லாமல் திரும்பிப் போனது. வேறொரு அதிகாரி வருவார் என்றும் சட்டம் அப்படியே இருக்கும் என்றும் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது.

அடுத்த நாள் ஆசியத்தும்மாவை அடக்கிவிட்டு வந்த ஆண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அசனார்தான் முதலில் நகர்ந்தார். தெருவின் முதல் வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, உடைந்த குரலில், "உள்ளுக்கு ஆரு இரிக்கிங்க?" என்று கேட்டார்.

"நான் இரிக்கன், காக்கா. ஸபீனா."

அடுத்த வீட்டுக்குப் போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள், தங்கள் சொந்த வீடுகளையும் வெளியே நின்றே தட்டினார்கள். நான் இரிக்கன், பரீதா. நான் இரிக்கன், உம்மு ஹபீபா. நான் இரிக்கன், நானும் என்ட மகளும். வெயில் வாவியில் சாயும்வரை அந்தக் குரல்கள் தெருத்தெருவாக எழும்பின, சிலது கோபமாக, சிலது அழுகையாக, சிலது பல நாள் பேசாத தொண்டையின் கரகரப்போடு. ஒவ்வொரு கதவிலும் பதில் வரும்வரை அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஜாபிர் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே மஸாஹிறா இல்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் தட்டினான். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வந்த நுஸ்லா கதவைத் திறந்தாள்.

"உள்ளுக்கு ஆரு இரிக்கா மகள்?" என்று கேட்டான்.

"நான் இரிக்கன்" என்றாள். பிறகு தகப்பனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, அவனுக்குப் பின்னால் நின்ற அத்தனை ஆண்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "உம்மாவும் இரிக்கா. ஜெயில்ல இரிக்கா."